ஒரே ரிக், மூன்று சட்டம்: முள்ளை எண்ணிவிட்டு வீசுங்கள்

போன ஜூனில் ஒரு திங்கட்கிழமை, கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஒருவர் வந்து கவுண்டரில் ஒரு ரிக்கை, அதாவது தூண்டில் நரம்பின் நுனியில் கட்டும் அமைப்பை, வைத்தார். குடைக்கம்பி மாதிரி விரிந்த ஐந்து கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரப்பர் மீன், ஒவ்வொரு மீனிலும் ஒரு தூண்டில் முள். பக்கத்தில் நான்காக மடித்த அபராதச் சீட்டு.

"அண்ணா, இதை ஆன்லைன்லதான் வாங்கினேன். விக்கலாம்னா வீசலாம்னுதானே அர்த்தம்?" என்றார்.

முந்தின நாள் பத்து வயது மகனோடு மினசோட்டாவின் வொயிட் பேர் ஏரிக்குப் போயிருக்கிறார். லைசென்ஸ் இருந்தது. பிடித்த பாஸ் மீனைத் திரும்ப விட்டிருக்கிறார். அதிகாரி வந்து ரிக்கைத் தூக்கிப் பார்த்து, "ஐந்து முள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டை எழுதியிருக்கிறார். மகன் முன்னால் நடந்ததுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லையாக ஓடும் செயின்ட் குரோய் ஆற்றுப் பக்கம், தூண்டில் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வார இறுதியில் படகில் ஆட்களை அழைத்துப் போவதும் உண்டு. அவர் கேட்ட கேள்வியை மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் சீட்டு வாங்கிய பிறகு. நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே வந்தபின் தூண்டிலைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விற்பனைக்கு இருக்கும் பொருளை எல்லாத் தண்ணீரிலும் வீசலாம் என்பது தவறு. அமெரிக்காவில் மீன்பிடி விதியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எழுதுகிறது. பொருளை விற்கும் கம்பெனியோ ஐம்பது மாநிலத்துக்கும் ஒரே அட்டையில் அடைத்து அனுப்புகிறது. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது அந்த அட்டையில் இருக்காது.

எங்கள் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மினசோட்டாவின் உள்நாட்டு ஏரியில், பனி உறையாத காலத்தில், ஒருவருக்கு ஒரு லைன் (தூண்டில் நரம்பு), அதில் ஒரு முள் அல்லது ஒரு லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை). அங்கிருந்து அரை மணி நேரம் காரில் வந்து செயின்ட் குரோயில் இறங்கினால் அது எல்லை நீர்: இரண்டு லைனில் ஒவ்வொரு இரை, இல்லாவிட்டால் ஒரே லைனில் இரண்டு. பாலத்தைத் தாண்டி விஸ்கான்சினுக்குள் ஏதாவது ஓர் ஏரிக்குப் போனால் மொத்தம் மூன்று. மூன்றையும் ஒரே லைனில் கட்டலாம், மூன்று லைனில் பிரித்தும் கட்டலாம். ஒரே காலைப் பொழுதில், ஒரே ஆள், ஒரே தூண்டில் கோலோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கணக்குக்குள் போய் வந்துவிடலாம். கொண்டு வந்தவரின் ஐந்து முள் ரிக் இந்த மூன்றில் எதிலும் செல்லாது.

எண்ணிக்கையைவிட ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். எதை எண்ணுகிறார்கள் என்பதில். மினசோட்டாவில் ஒரு செயற்கை லூர் முழுவதும் ஒரே முள்ளாகத்தான் கணக்கு. வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கும் கட்டை மீனில் ஆறு முனைகள் இருக்கும், அது ஒன்றுதான். ஆனால் அடியில் ஈயம், மேலே கிளை கிளையாக இரண்டு சின்ன முள், இரண்டிலும் மண்புழு என்று நம் ஊர் ஏரிக்கரையில் கட்டுவோமே, அது இரண்டு. ஆறு முனை செல்லும், இரண்டு முனை செல்லாது. கேட்கிறவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கிறது, விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினால்தான் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளேயும் ஒரு விலக்கு உண்டு: டிரவுட், கிராப்பி, சன்ஃபிஷ், ராக் பாஸ் பிடிக்கும்போது ஈ போல் செய்த சின்னச் செயற்கை இரை மூன்று வரை கட்டலாம்.

மிஷிகனில் மூன்று லைன் போடலாம், ஆனால் எல்லா லைனிலும் சேர்த்து முள்ளோ லூரோ ஆறைத் தாண்டக்கூடாது. பென்சில்வேனியாவில் லைனுக்கு மூன்று முள். அயோவாவில் லைனுக்கு இரண்டு. நியூயார்க் முனையையே எண்ணுகிறது. நன்னீரில் ஒரு லைனில் ஐந்து லூரோ இரையோ இருக்கலாம், ஆனால் முனைகள் மொத்தம் 15. ஐந்து கையிலும் ஒவ்வொரு மும்முனை முள் போட்டால் சரியாகப் பதினைந்து, தப்பித்தோம். ஆறு முனைக் கட்டை மீன்களில் மூன்றை மட்டும் மாட்டினாலே பதினெட்டு, மாட்டிக்கொண்டோம். மிசௌரிக்குப் போனால் ஓர் ஆளுக்கு மொத்தம் 33 முள் என்று இருக்கிறது. இவ்வளவு தாராளமா என்று வியக்க வேண்டாம். ஆற்றின் குறுக்கே நீளமான கயிறு கட்டி, வரிசையாக முள் தொங்கவிட்டுக் கெளுத்தி பிடிக்கும் வழக்கம் அங்கே உண்டு. நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்கிறோமே, அதன் சின்ன உருவம். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் அந்த ஊர்த் தண்ணீரும் அந்த ஊர்ப் பழக்கமும் இருக்கின்றன.

இந்தக் குடை ரிக் பிரபலமான கதையும் தெரிந்திருக்க வேண்டும். கடலில் படகின் பின்னால் இழுத்துப் போகும் குடை ரிக் பழைய சரக்கு. அதைக் கையால் வீசும் அளவுக்குச் சுருக்கியவர் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்டி பாஸ் (Andy Poss) என்பவர். 2011 அக்டோபரில் கண்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் எலையஸ் என்ற தொழில்முறைத் தூண்டில்காரர் இதை வீசி, நான்கு நாளில் 102 பவுண்ட் 8 அவுன்ஸ் மீனோடு ஜெயித்தார். அதற்குப் பிறகு இந்த அலபாமா ரிக்கை எந்தக் கடையிலும் இருப்பு வைக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே, பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகளை நடத்தும் பாஸ்மாஸ்டர் அமைப்பு தன் உயர்மட்டப் போட்டிகளில் இதைத் தடை செய்தது. இது நன்றாக வேலை செய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிறு மீன் கூட்டம் ஒன்று ஒட்டி நீந்துவது போல இருக்கும், பெரிய மீனால் சும்மா இருக்க முடியாது.

தொல்லை, மீன் கடித்த பிறகுதான். கடிப்பது ஒரு முள்ளை. மற்ற நான்கும் சும்மா தொங்குவதில்லை. மீன் உதறும்போது அவை அதன் செவுளிலும் கண்ணிலும் வயிற்றிலும் ஏறும். படகுக்குள் தூக்கி, வாய் முள்ளைக் கழற்ற விரலை விட்டதும் அது இன்னொரு முறை துள்ளும். காலியாக இருக்கும் முள் கட்டைவிரலுக்குள் போகும். என் படகிலேயே இரண்டு பேருக்கு அப்படி நடந்திருக்கிறது, ஒருவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனேன். பிடித்து விடுகிற மீன் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஐந்து முள் தேவையே இல்லை. விதி தளர்வாக இருக்கும் மாநிலத்திலும் நான் குறைத்துத்தான் கட்டுகிறேன்.

அன்றைக்கு அவருக்குச் செய்து காட்டியது இதுதான். சுற்றிலும் இருந்த நான்கு ரப்பர் மீன்களிலிருந்து முள்ளை உருவி எடுத்தேன். அந்த இடத்தில் முள் இல்லாத, திருகி மாட்டும் ஸ்பிரிங் கம்பியை ரப்பர் மீனின் மூக்கில் சுற்றி ஏற்றினேன். நடுக்கையில் மட்டும் முள்ளோடு ஒன்று. அதை மற்றதைவிட ஓர் அங்குலம் பெரிதாக, கொஞ்சம் பின்தங்கி வரும்படி மாட்டினேன். கூட்டத்தில் பின்தங்கிய மீனைத்தான் பாஸ் குறிவைக்கும். இப்போது எண்ணினால் முள் ஒன்று. மினசோட்டா ஏரியிலும் செல்லும், ஆற்றிலும் செல்லும், விஸ்கான்சினிலும் செல்லும்.

கடலுக்குப் போகிறவர்கள் எண்ணிக்கையோடு வடிவத்தையும் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சி, நியூயார்க் கரைகளில் இரை வைத்து ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிக்கிறவர்களுக்கு 2021 முதல் சர்க்கிள் ஹூக் கட்டாயம். முனை உள்பக்கமாக, தண்டை நோக்கி வளைந்திருக்கும் முள் அது. அட்லாண்டிக் கரை மாநிலங்களின் கூட்டு ஆணையம் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் ஒரு கணக்கு. 2017-இல் மனிதரால் செத்த ஸ்ட்ரைப்ட் பாஸில் ஏறக்குறைய பாதி, பொழுதுபோக்காகப் பிடித்துத் திரும்ப விடப்பட்ட பிறகு செத்தவை. சாதாரண முள்ளை மீன் விழுங்கிவிட்டால் அது தொண்டையிலும் குடலிலும் குத்தும். சர்க்கிள் ஹூக் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: கடித்ததும் சுண்டி இழுக்கும் கைப்பழக்கம் இதற்கு ஆகாது. சுண்டினால் முள் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். லைன் இறுகும்வரை பொறுத்து, ரீலைச் சீராகச் சுற்றினாலே போதும். ஃப்ளோரிடாவில் கரையிலிருந்து சுறா பிடிக்கவும் 2019 ஜூலை முதல் சர்க்கிள் ஹூக்தான், அதுவும் துருப்பிடிக்கக்கூடிய உலோகத்தில். லைன் அறுந்து மீனோடு போய்விட்டாலும் முள் அரித்து உதிர்ந்துவிட வேண்டும் என்பதற்காக.

வேறு மாநிலத்துக்குக் கிளம்புமுன் அந்த மாநிலத்தின் இந்த வருட விதிப்புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். நண்பர் அனுப்பிய பழைய படத்தை நம்ப வேண்டாம். மீன் அளவுப் பட்டியலுக்கு ஓடுவதற்கு முன், ‘முள்’, ‘லூர்’, ‘லைன்’ என்றால் என்ன என்று விளக்கியிருக்கும் பகுதியைப் படியுங்கள். போகிற நீர் எல்லை நீரா, உள்நாட்டு நீரா, அந்த ஏரிக்கென்று தனி விதி உண்டா என்று பாருங்கள். எங்கள் பக்கத்து மிசிசிப்பியில் இரு கரை ரயில் தண்டவாளங்களுக்கு இடையில்தான் எல்லை நீர் விதி. தண்டவாளத்தைத் தாண்டிய குட்டைக்கு வேறு கணக்கு. புரியாவிட்டால் மாநில மீன்வளத் துறைக்கே போன் செய்யுங்கள். ரிக்கை வர்ணித்துச் சொன்னால் ஆம், இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அவர் ஆகஸ்டில் மறுபடி வந்தார், மகனும் கூட வந்தான். காசு கொடுக்குமுன் பையன் ரிக்கை வாங்கி, ஒவ்வொரு ரப்பர் மீனின் அடியிலும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தான். "ஒண்ணுதான்பா இருக்கு" என்றான்.