நம் வழக்கில் நாமே நீதிபதி

சட்டக் கல்லூரிகளுக்குத் தர ஆய்வுக்குப் போகிறபோது, மேசையில் அடுக்கி வைத்திருக்கும் பளபளப்பான ஃபைல்களை நான் கடைசியில்தான் தொடுவேன். முதலில் கேட்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டக் குழுவின் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பை. அதில் ஏதாவது ஒரு தீர்மானத்தில் விரலை வைத்து, "இது என்ன ஆச்சு?" என்பேன். பெரும்பாலும் அறையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு கல்லூரியில் என் விரல் பட்ட வரி இது: "சாட்சியச் சட்டத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குக் கூடுதல் வகுப்புகள் ஒதுக்கத் தீர்மானிக்கப்பட்டது." அடுத்த வருடப் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பழைய வகுப்புக் கணக்கு அப்படியே இருந்தது. வினாத்தாளில் மின்னணுச் சாட்சியம் பற்றி ஒரே ஒரு கேள்வி, அதையும் சாய்ஸில் விட்டுவிடலாம். பாடம் எடுக்கிற ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அப்படி ஒரு தீர்மானம் வந்ததே எனக்குத் தெரியாதே சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மினிட்ஸும் பொய் இல்லை. குழு கூடியது, பேசியது, கையெழுத்துப் போட்டது. யார் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்று மட்டும் யாரும் எழுதவில்லை. 'தீர்மானிக்கப்பட்டது' என்ற சொல்லில் ஒரு வசதி உண்டு. அதற்கு எழுவாய் தேவையில்லை. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி வந்தால் மாணவரைத் திருத்தி எழுதச் சொல்வோம். நம் மினிட்ஸில் வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

சட்டக் கல்லூரிகளில் என்னை உறுத்துகிற விஷயமே இதுதான். தன் வழக்கில் யாரும் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்று நிர்வாகச் சட்ட வகுப்பில் சொல்லித்தருகிறோம். அதே கட்டடத்தில் ஒரே ஆசிரியர் பாடம் எடுக்கிறார், வினாத்தாள் தயாரிக்கிறார், விடைத்தாளைத் திருத்துகிறார். மதிப்பெண் குறைவு என்று மாணவர் மனு கொடுத்தால், அதுவும் சுற்றிச் சுற்றி அவர் மேசைக்கே வருகிறது. ஆசிரியர் நேர்மையானவராகவே இருக்கலாம். நீதிபதி நல்லவர் என்பதற்காக அந்த விதியை நாம் தளர்த்துவதில்லையே.

ஒரு பயிற்சிப் பட்டறையில் சின்னதாக ஒரு சோதனை செய்தோம். ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் 20 மதிப்பெண் பிரச்சினைக் கேள்வி ஒன்றுக்கு ஒரு மாணவர் எழுதிய விடையைப் பெயரை மறைத்து நகல் எடுத்து, இரண்டு மூத்த ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தோம். ஒருவர் 8 போட்டார், இன்னொருவர் 15. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தோம். முதலாமவர், "முடிவே தப்பு, வாதி தோற்றிருக்க வேண்டும்" என்றார். இரண்டாமவர், "இதே கேள்வியில் நீதிபதிகளே இரண்டு பக்கமும் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். முடிவைப் பார்த்து மார்க் போடலாமா?" என்றார். அரை மணி நேரம் சூடாக ஓடியது. கடைசியில், சட்டப் பிரச்சினையைக் கண்டுபிடித்ததற்கு எவ்வளவு, பொருந்தும் விதிக்கு எவ்வளவு, அதை உண்மைகளோடு பொருத்தியதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி திருத்தினார்கள். 11, 13 என்று வந்தது. அந்தத் தாளை வினாத்தாளோடு சேர்த்தே தயாரித்திருந்தால் எத்தனையோ மறுமதிப்பீட்டு மனுக்கள் வந்தே இருக்காது. பிரிட்டனில் வெளித் தேர்வாளர் முறை, அதாவது வேறு கல்வி நிறுவன ஆசிரியர் ஒருவர் வந்து தேர்வைச் சரிபார்க்கும் முறை, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கண் பார்க்கிறது என்று தெரிந்தாலே உள்ளே இருப்பவர்கள் எழுதுகிற விதம் மாறிவிடும்.

எண்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் சங்கம், வழக்கறிஞராகத் தொழில் செய்வதற்கான பார் தேர்வு எழுதும் பட்டதாரிகளில் 75 சதவீதம் பேராவது 2 வருடத்துக்குள் தேறியிருக்க வேண்டும் என்று 2019இல் விதியை இறுக்கியது. நல்ல அளவுகோல்தான், ஆனால் எந்த எண்ணுக்கும் ஒரு சபலம் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் முந்தைய பட்டப்படிப்பு மதிப்பெண் சராசரியையும் பல வருடங்களாக உயர்த்திக் காட்டியது 2011இல் வெளியே வந்தது. 2012இல் அதே பார் அசோசியேஷன் கல்லூரியைப் பகிரங்கமாகக் கண்டித்து 2,50,000 டாலர் அபராதமும் விதித்தது. அந்த எண்கள் நன்றாக இருந்தால் யாருக்குப் பெயர் கிடைக்குமோ, அந்த அட்மிஷன் பிரிவின் கையில்தான் எண்களும் இருந்தன. நடுவில் சரிபார்க்க இன்னொரு கை இருந்திருக்க வேண்டும்.

மாணவர் கருத்துப் படிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் வாங்குகிறார்கள், சராசரி போடுகிறார்கள், ஃபைலில் வைக்கிறார்கள். "நீங்கள் இதைச் சொன்னீர்கள், அதனால் இதை மாற்றினோம்" என்று மாணவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்கிற கல்லூரியை விரல்விட்டு எண்ணலாம்.

சட்டக் கல்விக்கே உரிய இன்னொரு தலைவலி, பாடப் பொருள் பாதியிலேயே மாறிவிடுவது. இந்தியாவில் 2024 ஜூலை 1 அன்று தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் ஒரே நாளில் மாறின. அதற்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் மாணவருக்கு இரண்டும் தேவை. வருடத்துக்கு ஒருமுறை கூடும் பாடத்திட்டக் குழுவை நம்பி இதைச் சமாளிக்க முடியாது. அவசரத்துக்குப் பாடத்தை மாற்ற யாருக்கு அதிகாரம், அதை எத்தனை நாளுக்குள் குழு முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வகுப்பில் பழைய சட்டமும் பக்கத்து வகுப்பில் புதிய சட்டமும் ஓடும். தேர்வு நாளில்தான் அது வெளியே தெரியும்.

அப்புறம், எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற கேள்வி. நிர்வாகக் குழு கூடி ஒரு வகுப்புப் பிரிவு கூடுதலாகத் தொடங்கலாம் என்று முடிவெடுத்துவிடும். ஆசிரியர்கள் அதைச் சுற்றறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்வார்கள். கட்டடமும் பணமும் நிர்வாகத்தின் பொறுப்பு, சரி. ஆனால் மாதிரி நீதிமன்றத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் நின்று வாதாட நேரம் கிடைக்குமா என்பது கல்விக் கேள்வி. அதைக் கல்விக் குழுவிடம் கேட்காமல் முடிவு செய்தால், தீர்ப்பு எழுதிவிட்டு விசாரணை நடத்துகிற மாதிரிதான்.

மின்னணுச் சாட்சியக் கல்லூரிக்குத் தொடர் ஆய்வுக்காக மறுபடி போனேன். மினிட்ஸில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் புதிதாக இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்கள்: பொறுப்பு, தேதி. ஒவ்வொரு கூட்டமும் போன கூட்டத்தின் தீர்மானங்களில் இருந்தே தொடங்கியது. ஏழு தீர்மானங்களில் ஐந்து முடிந்திருந்தன. மீதி இரண்டுக்கு ஏன் முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மின்னணுச் சாட்சியம் அந்த இரண்டில் ஒன்று. எடுக்க ஆள் கிடைக்கவில்லையாம். பக்கத்தில் முதல்வரின் பெயரும் ஒரு புதிய தேதியும் இருந்தன.