கல்யாணத்துக்கு அப்புறம்தான் மாறினானா? சார்ல்டன் சகோதரர்களும் என் அறைக்கு வரும் அண்ணன் தம்பிகளும்

குடும்ப ஆலோசனைக்கு வருகிற அண்ணன் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, “எப்போதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை?” என்பதைத்தான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “கல்யாணத்துக்கு அப்புறம் அவன் ஆளே மாறிட்டான் சார்.” சொல்லிவிட்டு அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா தலையாட்டுவார். அந்த மருமகள் அறையில் இருக்க மாட்டார்.

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் ஆஷிங்டன் என்ற ஊர் நினைவுக்கு வரும். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். கால்பந்து ரசிகர்களுக்குப் பெயரைச் சொன்னாலே தெரியும், இங்கிலாந்து அணிக்கு ஒன்றாக ஆடிய அண்ணன் தம்பிகள் ஜாக் சார்ல்டனும் பாபி சார்ல்டனும் பிறந்த மண். அவர்கள் கதையில் ஆட்டத்தைவிட வீடுதான் என்னை அதிகம் இழுத்தது. நான் தினமும் பார்க்கும் வீடுகள் மாதிரியே இருந்தது அது.

அப்பா பாப், சுரங்கத் தொழிலாளி. அம்மா சிஸ்ஸி, கால்பந்துக் குடும்பத்துப் பெண். அவருடைய நான்கு அண்ணன் தம்பிகளும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசில் அணியின் பெரிய நட்சத்திரம் ஜாக்கி மில்பர்ன் அவருக்கு நெருங்கிய உறவு. ஜாக் 1935-லும் பாபி 1937-லும் பிறந்தார்கள். அவர்களுக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

சின்ன வயதிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது, பாபியின் காலில் ஏதோ இருக்கிறது என்று. மூத்தவன் வயல் வரப்பு, மீன்பிடி என்று சுற்றினான். பதினைந்து வயதில் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தான், பிடிக்காமல் மேலே ஏறி வந்துவிட்டான். அப்புறம்தான் லீட்ஸ் யுனைடெட் என்ற கால்பந்து அணி. தம்பி பள்ளி முடிந்ததும் நேராக மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனான். மூத்தவனைவிட இளையவன் கெட்டிக்காரன் என்று ஊரே பேசும் வீட்டில் மூத்தவனாக வளர்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால், ‘போட்டிதான் இவர்களைப் பிரித்திருக்கும்’ என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. 1965-ல் இங்கிலாந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் அரையிறுதியில் லீட்ஸும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதின. முதல் ஆட்டம் சமன். மறு ஆட்டத்தில் லீட்ஸ் 1-0 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் ஜாக்குக்குச் செய்தி வருகிறது, இங்கிலாந்து அணிக்கு முதன்முறையாகத் தேர்வாகியிருக்கிறார். முப்பது வயதைத் தொடப்போகும் நேரத்தில். அவர் என்ன செய்தார் தெரியுமா? தோற்றுப்போய்த் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த எதிரணியின் உடைமாற்றும் அறைக்குள் ஓடினார், தம்பியிடம் சொல்ல. இவர்களை இப்போதுதான் தோற்கடித்தோம் என்பதே அந்த நொடியில் அவருக்கு உறைக்கவில்லை. தம்பி வாழ்த்தினார். தேர்வானது தெரிந்ததும் கால் தானாகத் தம்பியைத் தேடி ஓடினால், அந்த உறவில் பொறாமை முதலிடத்தில் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில் உலகக் கோப்பை. அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிரான இரண்டு கோலும் பாபி அடித்தவை. அப்பா அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சுரங்கத்தில் ஷிஃப்ட். ஜூலை 30 இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றார்கள். அந்த வருடம் இங்கிலாந்துக் கால்பந்து எழுத்தாளர்களின் சிறந்த வீரர் விருது பாபிக்கு, அடுத்த வருடம் அதே விருது ஜாக்குக்கு. மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக பாபியும் லீட்ஸுக்காக ஜாக்கும் ஆடிய கடைசி லீக் ஆட்டம்கூட ஒரே நாள்தான், 1973 ஏப்ரல் 28. இங்கிலாந்துக்காக பாபி 106 ஆட்டம், 49 கோல். ஜாக்குக்கு 35 ஆட்டம்தான், ஆனால் லீட்ஸுக்கு மட்டும் 773. ஓய்வுக்குப் பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. பாபி பயிற்றுவித்த பிரெஸ்டன் முதல் பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஜாக் மிடில்ஸ்பரோவை முதல் பருவத்திலேயே மேல்பிரிவுக்கு ஏற்றினார். 1986 முதல் பத்து ஆண்டுகள் அயர்லாந்தின் பயிற்சியாளராக இருந்து 1988 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தையே 1-0 என்று வீழ்த்தினார். இதில் எதுவும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

பேச்சு நின்றது வீட்டு விஷயத்தில். பாபி 1961-ல் நார்மாவை மணந்தார். நார்மாவுக்கும் சிஸ்ஸிக்கும் ஒத்துப்போகவில்லை. நாள் ஆக ஆக பாபி ஆஷிங்டனுக்கு வருவது குறைந்தது. அம்மாவின் கடைசி நான்கைந்து வருடங்களில் பாபி அவரைப் பார்க்கவே இல்லை. 1996-ல் சிஸ்ஸி காலமானார். அதே ஆண்டு வந்த ஜாக்கின் தன்வரலாறு, தம்பி குடும்பத்தை விட்டு விலகியதற்கு நார்மாதான் காரணம் என்ற பொருளில் பேசியது. ஊடகங்களுக்கு அது நல்ல தீனி. பாபி உடனே பதில் சொல்லவில்லை. 2007-ல் தன் புத்தகம் வந்தபோதுதான் வாய் திறந்தார். அம்மாவுக்கும் மனைவிக்கும் உரசல் இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் தன் மனைவியைப் பற்றி அண்ணன் ஊரறியப் பேசியதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்வது, வருபவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்பது. நடுவில் ஒரு கோடு போட்டு, வருடங்களை எழுதச் சொல்வேன். கல்யாணம், அப்பா இறந்தது, கடை மூடியது, வீடு கட்டியது, யாருக்கு எப்போது உடம்புக்கு வந்தது, எல்லாம். அவசரப்படாமல் எழுத ஒரு மணி நேரம் ஆகும். சார்ல்டன் குடும்பத்துக்கு அப்படி ஒரு தாள் போட்டால் என்ன வரும் என்று நானே ஒருநாள் எழுதிப் பார்த்தேன்.

1958 ஜனவரியில் ஜாக்குக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் பாபி. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 6, மியூனிக் விமான நிலையம். மான்செஸ்டர் யுனைடெட் அணியை ஏற்றிக்கொண்டு பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் மேலெழ முயன்ற விமானம் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பாபியோடு ஆடியவர்கள், ஒன்றாகத் தங்கிச் சாப்பிட்டு வளர்ந்த பையன்கள். பாபிக்கு அப்போது வயது 20. சில வாரங்களிலேயே மறுபடி ஆட வந்துவிட்டார். அந்தக் காலத்தில் யாரும் அவரை உட்காரவைத்து, “தூக்கம் வருதாப்பா?” என்று கேட்டிருக்க மாட்டார்கள். மியூனிக்குக்குப் பிறகு தம்பி பழைய மாதிரி சிரிப்பதில்லை என்று ஜாக்கே சொல்லியிருக்கிறார்.

ஆக, அந்த மனிதர் உள்ளே சுருங்கியது 1958-ல். கல்யாணம் ஆனது 1961-ல். மூன்று வருட இடைவெளி.

நார்மா மேல் ஒரு தவறும் இல்லை என்று நான் சொல்லவில்லை, மாமியார் மருமகள் உரசலில் இருந்தவர்களுக்குத்தான் அதன் உண்மை தெரியும். நான் கவனிப்பது வேறு. ஒரு பெரிய இழப்பைச் சுமந்தவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார், கூட்டத்தைத் தவிர்ப்பார், பிறந்த வீட்டுக்குப் போனால் பழைய முகங்கள் பழைய கேள்விகளைக் கேட்கும் என்று தயங்குவார். வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது கர்வமாகத் தெரியும். “பெரிய மனுஷன் ஆயிட்டான், நம்மளை எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?” அப்புறம் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் வெளியிலிருந்து வந்த ஒரே ஆள் மருமகள். பழி அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

போன வருடம் வந்த ஒரு குடும்பத்தில் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) தம்பி பதினொரு வருடமாக அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா சொன்ன காரணம், “அவ முந்தானையைப் பிடிச்சுட்டுப் போயிட்டான்.” தாளில் எழுத எழுத, கல்யாணத்துக்கு எட்டு மாதம் முன்னால் ஒரு இடத்தில் பேனா நின்றது. கூட்டாளி ஏமாற்றியதில் தம்பிக்குப் பெரிய நஷ்டம். அப்பாவுக்குத் தெரிந்தால் நெஞ்சு தாங்காது என்று யாரிடமும் சொல்லவில்லை. வந்த மனைவிதான் நகையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் “தங்கச்சி, உன் நெக்லஸ் எங்கே?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்றுதான் அவர்கள் வருவதையே நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா” என்றார். அதுதான் பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வாக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனஸ்தாபம் வீட்டுக்குள் இருக்கும்வரை அதற்கு வைத்தியம் உண்டு. நாலு பேர் முன்னால் போனதும் கதை மாறுகிறது. ஜாக் தன் மனக்குறையை அச்சில் ஏற்றினார். அம்மாவின் பக்கம் நின்று பேசுகிறோம் என்று உண்மையாகவே நம்பியிருப்பார், அம்மாவைக் கடைசிவரை பார்த்த பிள்ளையின் ஆற்றாமையும் அதில் இருந்திருக்கும். ஆனால் மனைவியைச் சபையில் பேசிய பிறகு, பாபி எப்படி இறங்கி வருவார்? இறங்கி வந்தால் அந்தப் பழியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? நம் வீடுகளில் புத்தகம் எழுதுவதில்லை, குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் போடுகிறோம். சித்தி, மாமா, அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையன்வரை கேட்கிறார்கள். கோபத்தில் போட்டதை அழித்துவிடலாம், கேட்டவர்கள் காதிலிருந்து அழிக்க முடியாது. அண்ணனுக்கோ தம்பிக்கோ சொல்ல வேண்டியதை அவரிடம் மட்டும் சொல்லுங்கள். கடிதமாகக்கூட எழுதுங்கள். அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். தூது போகிற அம்மா, இரண்டு பக்கமும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்வார். அந்தப் பாதியில்தான் சண்டை வளரும்.

2008 டிசம்பரில் பிபிசியின் விளையாட்டு விருது விழாவில் பாபிக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது. கொடுக்க மேடைக்கு வந்தவர் ஜாக். தான் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்றும், தன் தம்பி என்றும் அவரைச் சொன்னார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. யார் சொன்னது சரி என்று அந்த மேடையில் யாரும் தீர்க்கவில்லை. எனக்கு அது மிகவும் முக்கியமாகப் படுகிறது. “முதல்ல அவன் மன்னிப்புக் கேட்கட்டும்” என்று பதினைந்து வருடம் காத்திருப்பவர்களை நான் பார்க்கிறேன். மன்னிப்பு வராமலும் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள முடியும்.

காத்திருப்பதில் ஒரு ஆபத்து உண்டு, அதைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. ஜாக்கின் கடைசி வருடங்களில் அவருக்கு டிமென்ஷியா, நம் மருத்துவர்கள் மறதிநோய் என்று சொல்வது. 2020 ஜூலை 10 அன்று 85 வயதில் இறந்தார். ஆஷிங்டன் தெருக்களில் மக்கள் திரண்டு வழியனுப்பினார்கள். உடல்நலக் குறைவால் பாபியால் இறுதிச் சடங்குக்கு வர முடியவில்லை. நான்கு மாதத்தில், அவருக்கும் டிமென்ஷியா என்ற செய்தி வெளியானது. 2023 அக்டோபர் 21 அன்று அவரும் போனார். 1966 இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினொரு பேரில் ஐந்து பேருக்கு இந்த நோய் வந்தது. பந்தைத் தலையால் முட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இங்கிலாந்தில் தீவிரமாகப் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்றது அது.

பந்தை முட்டாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. கேட்டதையே கேட்பது, பழகின தெருவில் வழி தவறுவது, பணம் எண்ணுவதில் தடுமாறுவது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது, இவற்றை ‘வயசாச்சு’ என்று ஒதுக்காமல் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பிரிந்திருக்கும் அண்ணனுக்கோ தம்பிக்கோ தகவல் சொல்லிவிடுங்கள், சண்டை என்ன நிலையில் இருந்தாலும் சரி.

அப்படித் தகவல் சொல்ல ஒரு வீட்டில் இரண்டு வருடம் தாமதித்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் விட்டுப்போனதில் ஆரம்பித்த பிரிவு. மறதிநோய் வந்திருந்த அண்ணன், அந்தப் பெரியவர், தன் மகனிடம் தினமும் சாயங்காலம், “தம்பி வந்துட்டானா, சாப்பிட்டானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தம்பியை அழைத்து வந்தார்கள். அறுபத்தெட்டு வயது, தலை முழுக்க நரை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெரியவர் அவரை மரியாதையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, “எங்க தம்பி அனுப்பிச்சாருங்களா?” என்று கேட்டார். அவர் மனதில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது.

தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமாங்க, அவர்தான் அனுப்பினார்” என்று சொல்லி, ஒரு பழத்தை உரித்து அண்ணன் கையில் கொடுத்தார். இப்போது ஞாயிறு தோறும் வருகிறார். பெரியவர் பழத்தை வாங்கிக்கொண்டு, தம்பியைப் பற்றி அவரிடமே விசாரிக்கிறார்.