தள்ளுவண்டிக்கு வங்கிக் கடன்: ஸ்வநிதியில் எங்கெங்கே மாட்டுகிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பழமும் பூவும் சுண்டலும் விற்பவர்களில் பலர் தண்டல் பணத்தில்தான் சரக்கெடுக்கிறார்கள். கைக்கு 8,500 வரும்; நாளுக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்ட வேண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. எதிர்ச்சாரியில் ஷட்டர் போட்ட கடைக்காரர் வங்கியில் அதில் ஒரு துளி வட்டிக்கு வாங்குகிறார். ஒரே தெருவில் முதலின் விலை இப்படி இருந்தால், வண்டிக்காரர் எவ்வளவு உழைத்தாலும் வியாபாரம் பெருகாது, அடுத்த ஆளுக்கு வேலையும் பிறக்காது. இதைக் கொஞ்சமாவது சரிசெய்யத்தான் சாலையோர வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி கடன் திட்டம்.

பின்னணி சுருக்கமாக: மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கியது, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறது. முதல் கடன் 15,000 வரை. அதைக் கட்டி முடித்தால் 25,000, அதையும் முடித்தால் 50,000. ஈடு வைக்க வேண்டியதில்லை. ஒழுங்காகக் கட்டுபவருக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்கில் திரும்ப வரவாகும். வங்கி 12 சதவீதம் போட்டால் 15,000 ரூபாய்க்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,333. ஆண்டு முழுக்க வட்டி ஆயிரத்தைச் சுற்றி. மானியத்தைக் கழித்தால் நானூறு சொச்சம்தான். தண்டலில் நூறே நாளில் போவது 1,500.

பலர் நேரே வங்கிக்குப் போய்த் திரும்புகிறார்கள். முதல் கதவு வங்கி இல்லை, மாநகராட்சி. சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் இருந்து, விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ இருந்தால் அதுவே போதும். கணக்கெடுப்பில் விடுபட்டவர், அதற்குப் பிறகு வியாபாரத்துக்கு வந்தவர் ஆகியோருக்கு மாநகராட்சி தரும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ‘உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்காகத்தான் பரிந்துரைக் கடிதமே இருக்கிறது. அதை மறுப்பதற்கு அந்தப் பதில் காரணமாகாது.

வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். மாநகராட்சி விசாரித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். விண்ணப்பித்த 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. மனுவில் எந்த இடம், எந்த நேரம், என்ன சரக்கு, எத்தனை ஆண்டு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தரைவாடகைச் சீட்டு, சுங்கச் சீட்டு, வியாபாரிகள் சங்க அட்டை, வண்டியோடு நிற்கும் படம் என்று இருப்பதையெல்லாம் இணையுங்கள். சுங்கச் சீட்டைத் தினமும் கிழித்துப் போடுகிறவர்கள் தங்கள் ஆதாரத்தைத் தாங்களே குப்பையில் போடுகிறார்கள். மனுவை வெறுங்கையாகக் கொடுத்துவிட்டு வரவே கூடாது. இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேதி இல்லாவிட்டால் 15 நாள் என்பது எப்போதும் தொடங்காது.

அடுத்த சிக்கல் எல்லை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதல்ல, எங்கே விற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ரெட்டிச்சாவடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு மஞ்சக்குப்பத்தில் காய்கறி விற்பவருக்குக் கடலூர் மாநகராட்சிதான் கடிதம் தர வேண்டும். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து விற்பவர்கள் இந்தத் திட்டத்தில் தனி வகையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ‘ஆதார்ல கிராமத்து முகவரி இருக்கே’ என்று திருப்பி அனுப்பினால் அதை எடுத்துச் சொல்லுங்கள். கடலூர் பக்கத்திலிருந்து போய்ப் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணி விரிப்பவர் கடலூரில் அலைந்து பயனில்லை. புதுச்சேரி நகராட்சிக்குத்தான் போக வேண்டும். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்றால் அது உழவர்கரை நகராட்சி. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு இங்கிருந்து அங்கே தானாக நகரும் என்று காத்திருக்காதீர்கள்.

மீன்கூடையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கும் இது உண்டு. வண்டியோ நிலையான இடமோ கட்டாயமில்லை. தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் ‘கடை இருந்தாத்தான் கொடுப்பாங்க’ என்று நம்பி விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள்.

கடிதம் கிடைத்ததும் ஆதாரைப் பாருங்கள். விண்ணப்பம் இணையவழிதான்; ஓடிபி ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு மட்டுமே வரும். பழைய சிம் தொலைந்துபோய் மகனுடைய எண்ணைச் சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். சேமிப்புக் கணக்கு உள்ள கிளையையே விண்ணப்பத்தில் தேர்ந்தெடுங்கள். ‘எங்கள் வாடிக்கையாளர் இல்லை’ என்ற சாக்கு அடைபடும். கமிஷன் கேட்கும் இடைத்தரகர் யாரும் எந்தக் கிளையிலும் கடனை வாங்கித்தர முடியாது.

வங்கியில் நடப்பது வேறு கூத்து. ‘மேனேஜர் லீவு’, ‘டார்கெட் முடிஞ்சிருச்சு’, ‘இன்னும் ஆன்லைன்ல வரல’ என்று பதில்கள் வரும். இதற்கிடையில் கணினியில் ‘விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை’ என்று குறித்துத் திருப்பிவிடுவதும் உண்டு. அதனால் வாரம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: பழைய பாக்கி. மகளிர் குழுக் கடனோ மைக்ரோ ஃபைனான்ஸ் கடனோ தவணை தவறி நின்றிருந்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியும். அதை முடித்துத் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். மற்றபடி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், எண் 14448. அதற்கு முன்பே, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு மனு கொடுத்தால் பல கிளைகள் தானாக அசையும்.

பணம் வந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. கடனோடு சேர்த்து 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் கையெழுத்து வாங்குவார்கள். நல்ல காப்பீடுதான், ஆனால் கட்டாயமில்லை. அந்தத் தொகை ஆண்டுக்கொருமுறை தானாகப் பிடித்தம் ஆகும். கணக்கில் சரியாக 1,350 வைத்திருந்தால் அந்த மாதத் தவணை பணம் போதாமல் திரும்பும், அபராதமும் விழும். 90 நாள் நிலுவை ஆனால் வாராக்கடன் பட்டியல். பிறகு வட்டி மானியமும் கிடையாது.

நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாபாரம் படுத்துவிடும். மீன் விற்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். தவணை அட்டவணைக்கு இது எதுவும் தெரியாது. அதனால் ஓட்டமுள்ள மாதங்களில் இரண்டு தவணைப் பணத்தைக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்; முன்கூட்டிக் கட்டினாலும் அபராதம் இல்லை.

கடைசித் தவணை கட்டிய அன்றே கடன் முடிந்ததற்கான கடிதம் கேளுங்கள். கிளை தன் கணக்கை முடித்தும் திட்டத்தின் இணையதளத்தில் அதைப் பதியாமல் விட்டால், 25,000க்கு விண்ணப்பம் ஏறாது.

சான்றிதழ் கடனுக்கு மட்டும் என்று நினைத்து பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். லேமினேட் செய்து வண்டியில் வையுங்கள், மூலத்தை வீட்டில் வையுங்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் அறிவிப்பு வேண்டும். ஆனால் சான்றிதழை வாடகைக்கு விட்டால் உரிமை பறிபோகலாம். உங்களுக்குப் பதில் குடும்பத்தார் நின்று விற்கலாம். சரக்கைப் பறிமுதல் செய்தால் கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால் பழம், பூ, மீன் போன்ற அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வண்டி லாரியில் ஏறுவதற்கு முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் லாரியின் எண்ணோடு படம் எடுத்து, அன்றைக்கே ஆணையருக்கு எழுதிக் கொடுங்கள்.