டோர்சன் பார்: முறுக்குத்தண்டு

ஆரையம்பதியில் மாமா வீட்டு முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. முன்பக்கம் இடப்புறம் தாழ்ந்துவிட்டதென்று போன கிழமை ஜக் வைத்து உயர்த்தினார். அடியில், வண்டியின் நீளவாட்டில் ஓர் உருக்குத் தண்டு ஓடுகிறது. நான் தொடப் போக, "கைய வைக்காத மனே, அது முறுக்கிக் கிடக்கு" என்றார். கார் திருத்தும் பாஸ்மார் 'டோர்சன் பார்' என்று சொல்லும் பொருளுக்கு இதைவிடச் சரியான வினை தமிழில் இல்லை.

அந்தத் தண்டின் ஒரு நுனி அசையாமல் பூட்டியிருக்கும். மறு நுனி சில்லைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கும். சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்போது தண்டு தன் உடம்பாலேயே முறுகி மீள்கிறது. சுருள் இல்லை, வளைவு இல்லை, ஆனாலும் அது ஒரு வில்தான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காரின் முன்பக்கமே இதில்தான் நிற்கிறது.

'டோர்' என்று தொடங்குவதால் கதவோடு சேர்த்து நினைக்க வேண்டாம். லத்தீனில் 'தோர்குவேரே' என்றால் முறுக்குதல். அதிலிருந்துதான் டோர்சன், டோர்க் இரண்டும் வந்தன. நாம் கையில் பிடிக்கும் டோர்ச்சும் அந்த வேர்தான்: முறுக்கிய நாரை மெழுகில் தோய்த்துக் கொளுத்திய பந்தம். தமிழிலும் பாருங்கள், விளக்குத் திரி என்பது திரிக்கப்பட்டது. கயிறு திரிக்கிற அதே திரி. இரண்டு மொழிகளும் வெளிச்சத்துக்கு ஒரே வழியாகப் பெயர் வைத்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, தமிழில் எது பொருத்தம்? 'திருகு' என்று சிலர் எழுதுகிறார்கள். குழாயைத் திருகுகிறோம், அது சுழன்று கொடுக்கிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறோம், அது சுழல முடியாமல் தனக்குள் இறுகுகிறது. இங்கே நடப்பது இரண்டாவது. உருகு, உருக்கு போல முறுகு, முறுக்கு: தண்டு முறுகுகிறது, சில்லு முறுக்குகிறது. நம் பத்திரிகைகள் இரு தரப்புக்கிடையே 'முறுகல் நிலை' என்று எழுதுவதும் இந்த இறுக்கத்தைத்தான். 'முறுக்குக் கம்பி' என்றால் கொங்கிறீட்டுக்குள் போகும் கம்பியோடு குழம்பும். ஆகவே முறுக்குத்தண்டு. டோர்சனுக்கு முறுக்கம், டோர்க்குக்கு முறுக்குவிசை.

கதவுக்கென்றே முறுக்குத்தண்டு உள்ள காரும் உண்டு. 1981இல் வட அயர்லாந்தின் டன்மரியில் உற்பத்தி தொடங்கிய டெலோரியனில், இறக்கைபோல மேலே எழும் கதவைத் தூக்குவது கூரைக்குள் இருக்கும் தண்டு. உறைகுளிரில் வைத்து முறுக்கிப் பதப்படுத்தப்பட்டது அது. கதவை மூடும்போது இன்னும் முறுகும், திறக்கும்போது முறுக்கு அவிழ்ந்து கதவை ஏந்தும். கதவு தொய்ந்தால் வீட்டில் சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கதவு முழுக்கத் திறந்திருந்தாலும் தண்டில் முறுக்கு மிச்சமிருக்கும். கதவுக்கு முட்டுக்கொடுத்து, தண்டின் நுனியை உரிய நெம்புகோலால் இறுகப் பிடித்த பிறகே ஆணியைக் கழற்ற வேண்டும். பிடி நழுவினால் நெம்புகோல் கையை முறித்துவிடும்.

மாமா அன்று தண்டின் பின் நுனி நெம்பை ஒரு துளை தள்ளிப் பூட்டினார். ஜக்கை இறக்கி, முற்றத்து மணலில் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, இரு பக்கமும் நாடாவால் அளந்தோம்.