விரியும் கேரவன்: அந்தக் கூடுதல் இடம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தீப்பெட்டியை எடுத்து, உள்ளே இருக்கும் தட்டைப் பாதி வெளியே இழுத்துப் பாருங்கள். பெட்டி ஒன்றரை மடங்கு நீண்டுவிட்டது. ஆனால் ஒரு குச்சிகூடக் கூடுதலாக வைக்க முடியாது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவன், நின்ற இடத்தில் இரண்டு மூன்று மடங்காக விரியும்போதும் இதேதான் நடக்கிறது. மூடிய பெட்டிக்குள் எவ்வளவு சாமான் அடங்கியதோ, விரித்த பிறகும் அவ்வளவுதான். கூடுவது நாம் நடமாடும் வெளி மட்டும்.

அந்த வெளிக்காகத்தான் வடிவமைப்பாளர்கள் இத்தனை பாடுபடுகிறார்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு அகல வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 2.55 மீட்டர். சரி, உயரத்தைக் கூட்டலாம் என்றால் காற்று குறுக்கே நிற்கிறது. காற்றுத்தடை முகப்புப் பரப்பைப் பொறுத்தும், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 100க்குப் போனாலே தடை சுமார் 56 சதவீதம் ஏறிவிடும். ஓடும்போது சின்னதாகவும் நிற்கும்போது பெரிதாகவும் ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான்.

எளிய வழி, கூரையை மட்டும் தூக்குவது. யாரும் அதன்மேல் நடக்கப்போவதில்லை என்பதால் கான்வாஸும் சில கம்பிகளும் போதும். பக்கவாட்டில் விரிப்பதுதான் கஷ்டம்.

இழுப்பறைபோலச் சுவரோடு வெளியே தள்ளும் பெட்டியைப் பாருங்கள். அதற்கான திறப்பு 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 7 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் ரப்பர் ஓரம் ஓட வேண்டும். 60 செ.மீ.க்கு 40 செ.மீ. ஜன்னலுக்கு 2 மீட்டர் ரப்பர் போதும், அதுவும் பொருத்திய இடத்திலேயே கிடக்கும். இங்கேயோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் பெட்டி ரப்பரை உரசிக்கொண்டு போகிறது. மழைக்குப் பிறகு பெட்டியின் மேல் தேங்கிய தண்ணீரும் சருகும், மூடும்போது அப்படியே உள்ளே இழுக்கப்படும். தண்ணீர் ஒருமுறை பிளைவுட்டுக்குள் இறங்கிவிட்டால் பசை விட்டு அடுக்கு அடுக்காகப் பிரியும். என்னைக் கேட்டால், இத்தகைய வண்டியின் ஆயுளை முடிவுசெய்வது பெட்டியைத் தள்ளும் மோட்டாரைவிட இந்த ரப்பர்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காலி அட்டைப்பெட்டியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். செவ்வகமாக இருந்த வாய் கோணலாகிவிடும், மூடி உட்காராது. மேடுபள்ளமான தரையில் நிறுத்திய கேரவனுக்கும் இந்தக் கதிதான். சுவரில் பெரிய ஓட்டை போட்டிருப்பதால் அதன் விறைப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களும் சில மில்லிமீட்டர் வேறுபட்டால்கூடப் பெட்டி ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் முதலில் வண்டியை மட்டம் பார்த்து நிறுத்து, அப்புறம் திற என்கிறார்கள்.

பக்கச்சுவரையே சாய்த்துத் தரையாக்குவது எனக்கு மிகவும் பிடித்த வழி. நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் எடுவார்ட் போட்லிங்க் 1985இல் ஒரு போட்டிக்காக வரைந்த ‘மார்க்கீஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு வெயில் தடுக்கும் மடிப்புப் பந்தல் என்று பொருள். இரண்டு பக்கச் சுவர்களும் கீழிறங்கித் தரையாகின்றன. அவற்றின்மேல் விசிறிமடிப்புக் கூரை விரிகிறது. தரைப்பரப்பு மூன்று மடங்கு. ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் உட்காரும் அறை. சமையலிடமும் கழிப்பறையும் அசையாத நடுப்பகுதியிலேயே இருக்கின்றன. குழாய்களை வளைக்கவோ நீட்டவோ தேவையில்லாத இந்த ஏற்பாடு எவ்வளவு அருமையான யோசனை!

ஆனால் சுவர் தரையாக வேண்டுமென்றால் ஆட்களைத் தாங்க வேண்டும். தாங்க வேண்டுமென்றால் கனக்கும். 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பலகை, சதுர மீட்டருக்கு 15 கிலோ என்றால் 120 கிலோ. கீல் பாதிப் பாரத்தை ஏற்றுக்கொண்டாலும், வெளி விளிம்பைப் பிடித்துத் தூக்கத் தொடக்கத்தில் 60 கிலோ எடைக்கான விசை வேண்டும். 60 பாகை நிமிர்ந்ததும் 30 கிலோவாகிவிடும். நேராக நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த முதல் ஓரடிக்காகத்தான் மோட்டாரோ கைச்சுழற்றியோ வாயு அழுத்தத் தண்டோ தேவைப்படுகிறது. குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும் என்பதால், பனிக்காலையில் அந்தத் தண்டும் சற்றுத் தளர்ந்தே தள்ளும்.

துணிக்கூரை குளிரையும் சத்தத்தையும் தடுக்காது. காற்றடித்தால் பாய்மரம்போல உப்பும். ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளில் பூஞ்சை பூக்கும். ஒரே இடத்தில் இரண்டு வாரம் தங்குபவருக்கு இதெல்லாம் சமாளிக்கக் கூடியதே. தினமும் இடம் மாறுபவருக்குத் தினமும் அதே வேலை.

இத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர்கள் விரித்த நிலையில் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். மூடச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வழியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் கழிப்பறைக் கதவைத் திறக்க முடிகிறதா, அல்லது உள்வந்த கட்டில் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறதா? மோட்டார் பழுதானால் கையால் இழுத்து மூடும் பிடி எங்கே இருக்கிறது? அதை அங்கேயே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.