பைக் சாவியில் கொத்தாகத் தொங்கும் மற்ற சாவிகள்

வீட்டுச் சாவி, கேட் சாவி, கடை ஷட்டர் சாவி, பீரோ சாவி, கூடவே பித்தளையில் ஒரு வேலோ சிலுவையோ. எல்லாம் ஒரே வளையத்தில். வளையம் பைக்கின் இக்னீஷனில். நம் குமரிப் பக்கத்தில் பலர் இன்னும் ‘தாக்கோல் கொத்து’ என்றே சொல்லும் இது, எடை போட்டால் எளிதாக நூறு கிராமைத் தாண்டும்.

இக்னீஷன் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சாவியின் வெட்டுகளில் அவை பொருந்தினால்தான் உருளை திரும்பும். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் கொத்து ஆடி, சாவியை நெம்புகோல் போல அசைக்கிறது. தகடும் தேயும், சாவியும் தேயும். ஆன் நிலையிலேயே சாவியை உருவ முடிகிறதா? தேய்மானம் முற்றிவிட்டது. குலுக்கலில் ஒரு நொடி என்ஜின் அணைந்து மீண்டால், கீழே உள்ள மின் தொடர்புத் தகட்டையும் பார்க்க வேண்டும். 2014-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் உலகெங்கும் சுமார் 26 லட்சம் கார்களை இக்னீஷன் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தபோது, சரிசெய்யும்வரை வளையத்தில் சாவியைத் தவிர வேறெதுவும் தொங்கக் கூடாது என்றே உரிமையாளர்களிடம் சொன்னது.

தேய்மானம் மெதுவாக வரும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது கொத்து கிளாம்புக்கும் டேங்குக்கும் இடையில் மாட்டுவது அப்படியல்ல. நெருக்கடியான இடத்தில் யூ டர்ன் அடிக்கையில் அதுவே ஆளைச் சாய்த்துவிடும்.

பேனாக்கத்தி போல சாவிகளை மடக்கி வைக்கும் கீ ஆர்கனைசர் நல்ல பொருள்தான். ஆனால் அது மற்ற சாவிகளுக்கு. பைக் சாவி தனியாக, மெல்லிய துணிப் பட்டையோடு இருக்கட்டும். சில வண்டிகளில் பூட்டின் வாயை மூடும் காந்த ஷட்டரைத் திறக்கும் முனை சாவியின் தலையில்தான் உண்டு. அந்தத் தலையை ஆர்கனைசரின் தகடுகளுக்கு நடுவே திருகிவிட்டால் ஷட்டரைத் திறக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டுமென்றால் ஒற்றைக் கையால் கழற்றும் கிளிப் போடுங்கள்.

ஆர்கனைசரில் சாவிகளை அடுக்கித் திருகும்போது இரு முனையிலும் அடுக்கின் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ. தடிமனுள்ள சாவி ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்றால், குறையும் 2 மி.மீ.க்கு வாஷர் போடுங்கள். இல்லையென்றால் தகடு சாய்ந்து மரை கடிக்கும். சாவிகளுக்கு இடையில் நைலான் வாஷர் போட்டால் உரசாது. உதறினால் சாவி தானாக விரியக் கூடாது, பெருவிரலால் தள்ளினால் விரிய வேண்டும்: முறுக்கின் அளவு அதுதான். அதிர்வில் திருகு கழலும் என்பதால், மரையை எண்ணெய் போகத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கரில் நீல நிறத்தது ஒரு சொட்டு விட்டு, 24 மணி நேரம் விடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடேற்றித்தான் கழற்ற வேண்டிவரும். தகடு பிளாஸ்டிக் என்றால் நீலமும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போதும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் அலுமினியத் தகட்டில் ஸ்டீல் திருகு போட்ட வகையை யோசித்து வாங்குங்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் சேருமிடத்தில் வெள்ளைப் பொடி பூத்துத் திருகு இறுகிவிடும். முழுக்க ஸ்டெயின்லெஸ் நல்லது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் வேறு தொல்லை: ரப்பர் பால் பட்ட கையோடு சாவியைத் தொட்டால் அது காய்ந்து பூட்டுக்குள் போய் ஒட்டும்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இங்கே அதிகம். மணலையும் தூசியையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் உறைந்தும்போகும். உலர்ந்து படியும் டெஃப்லான் ஸ்பிரே ஒரு பீச்சு போதும்.

ஆர்கனைசரை வேட்டி மடியிலோ பேன்டின் முன்பாக்கெட்டிலோ வைத்து ஓட்டாதீர்கள். விழுந்தால் இடுப்பெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்த இரும்புதான் இருக்கும். பையிலோ சீட்டுக்கடியிலோ வையுங்கள்.

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். ஷோரூமில் தந்த இரண்டாவது சாவியையும் எண் பொறித்த சிறு தகட்டையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.