முற்றுகைப் படம்: சொல் விளக்கம்

'சீஜ் த்ரில்லர்' என்பதற்குத் தமிழ் என்ன? முற்றுகைப் படம். பதில் சுலபம்தான். ஆனால் முற்றுகை என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது காலிக்குடங்களோடு கலெக்டர் ஆபீஸை மக்கள் வளைத்துக்கொள்ளும் காட்சி. அந்தச் சொல்லின் பழைய வீடு போர்க்களம்.

முற்று என்றால் சூழ், வளை. அதோடு 'கை' விகுதி சேர்ந்தால் முற்றுகை. வருகை, தொழுகை போல. கோட்டைப் போரைப் பாடும் உழிஞைத் திணையைச் சொல்லும்போது தொல்காப்பியம் 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்கிறது. முற்றல் கோட்டையை வளைப்பது, கோடல் அதைக் கைப்பற்றுவது. ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'சீஜ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அதன் வேர் உட்காருதலைக் குறிக்கும் லத்தீன் வினை. ஆர்தர் மன்னன் கதையில் வரும் ஆபத்தான நாற்காலிக்கும் 'சீஜ்' என்றுதான் பெயர். கோட்டை வாசலில் படை குந்திவிட்டது என்பது அவர்கள் பார்வை. நாலாபுறமும் வளையம் விழுந்துவிட்டது என்பது நம் பார்வை. சினிமாவுக்கு நம்முடையதே பொருத்தம். இந்தவகைப் படங்களில் பயமே வெளியேற வழியில்லை என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டர் 1976இல் எடுத்த 'அசால்ட் ஆன் ப்ரீசிங்க்ட் 13' படத்தைப் பாருங்கள். செலவு ஏறத்தாழ 1 லட்சம் டாலர். மூடப்படவிருக்கும் ஒரு லாஸ் ஏஞ்சலஸ் காவல் நிலையம். மகளைச் சுட்டுக் கொன்றவனைப் பழிவாங்கிய தகப்பன் ஒருவர், கொல்லப்பட்டவனின் கும்பல் துரத்த, அங்கே ஓடிவந்து விழுகிறார். அதிர்ச்சியில் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே தங்களை ஏன் தாக்குகிறார்கள் என்பதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. போன் இல்லை, கரண்ட் இல்லை. கும்பலிடம் இருப்பதோ வெடிச்சத்தம் அமுங்கிய துப்பாக்கிகள். மேஜை மேல் இருந்த காகிதங்கள் துள்ளிப் பறக்கின்றன, ஜன்னல் மறைப்புகள் கிழிந்து ஆடுகின்றன, 'டுமீல்' மட்டும் கேட்பதில்லை. விழுந்த பிணங்களையும் கும்பலே அப்புறப்படுத்திவிடுவதால், ரோந்து வரும் போலீஸ் கண்ணுக்குத் தெரு வெறுந்தெருவாகத்தான் தெரிகிறது. பணம் இல்லாத இயக்குநர் மௌனத்தையே மதிலாகக் கட்டியிருக்கிறார். பெரிய பட்ஜெட் கொடுத்திருந்தால் இது கெட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

இதுபோன்ற படங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்'. இதைச் 'சுரண்டல் படம்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கேட்டால் பண்ணையார் கொடுமையைச் சொல்லும் படம் போலிருக்கிறது! அமெரிக்கத் திரைத்தொழிலில் அந்தச் சொல் முதலில் விளம்பர வித்தையைக் குறித்தது. ஊர் கூட்டி, தண்டோரா போட்டு, படத்தைக் கூவி விற்பது. பெரிய நட்சத்திரம் இல்லாமல் ரத்தம், வன்முறை, கவர்ச்சி என்று கூவியே ஓட்டவேண்டிய மலிவுப் படங்களுக்குப் பிறகு அதுவே பெயராகிவிட்டது. 'பரபரப்புப் படம்' என்றால் ஓரளவு கிட்டே வரும்.

அந்தக் கூவலுக்கு இந்தப் படத்தின் பெயரே சாட்சி. கார்பென்டர் வைத்த தலைப்பு 'தி ஆண்டர்சன் அலமோ'; 1836இல் டெக்சாஸில் நடந்த அலமோ முற்றுகையை நினைவூட்டுவது. விநியோகஸ்தர் மாற்றிவிட்டார். படத்தில் வருவது 13ஆம் பிரிவின் 9ஆம் நிலையம். தலைப்பிலோ நிலைய எண்ணே 13!

'அசால்ட்' என்ற சொல்லும் சிக்கல்தான். அது பாய்ந்து தாக்குவது, முற்றுகை அல்ல. இந்த வேறுபாட்டைக் குறள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது:

முற்றியும் முற்றா தெறிந்தும் அறைப்படுத்தும்
பற்றற் கரியது அரண்.

முற்றுதல் வளைப்பது. முற்றாது எறிதல் வளைக்காமல் பாய்ந்து தாக்குவது, 'அசால்ட்' அதுதான். அறைப்படுத்தல் உள்ளிருப்பவரை வஞ்சகத்தால் பிரிப்பது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முற்றுபவர் சூடியது உழிஞைப் பூ, மதிலைக் காப்பவர் சூடியது நொச்சிப் பூ. கேமரா பெரும்பாலும் மதிலுக்கு உள்ளே நிற்பதால், கறாராகப் பார்த்தால் இவை 'நொச்சிப் படங்கள்'. இதை யாரும் புழங்கப் போவதில்லை, முற்றுகைப் படமே இருக்கட்டும். ஆனால் உள்ளிருப்பவன் படும் பாட்டைப் புறநானூற்றின் 44ஆம் பாட்டு அப்படியே காட்டுகிறது. சோழன் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டையைச் சாத்திக்கொண்டு கிடக்க, உள்ளே பால் இல்லாமல் குழந்தைகள் அழுகின்றன. 'அறவையாயின் நினது எனத் திறத்தல், மறவையாயின் போரொடு திறத்தல்' என்கிறார் புலவர் கோவூர் கிழார். ஒன்று ஒப்படை, இல்லையென்றால் வெளியே வந்து சண்டை போடு.

கார்பென்டரின் காவல் நிலையத்தில் இரண்டுமே நடப்பதில்லை. அறைப்படுத்தலுக்கோ இடம் இருக்கிறது: லாக்கப்பில் நெப்போலியன் வில்சன் என்ற மரண தண்டனைக் கைதி. கதவைத் திறந்து அவன் கையிலும் துப்பாக்கியைக் கொடுக்கவேண்டி வருகிறது. அவன் போலீஸ்காரனுக்குப் பக்கத்தில் நின்று வாசலைப் பார்த்துச் சுடுகிறான்.